சாயாத வண்டி

கடற்கரையில் பெரிய பட்டம் ஒன்று இழுக்க, தாழ்வான மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கைட் பக்கி என்பார்கள். மோட்டார் இல்லை, பெடல் இல்லை, பெரும்பாலானவற்றில் பிரேக்கும் இல்லை. பட்டத்தைக் கையால் பிடிக்க வேண்டும், முன் சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். 1990 வாக்கில் நியூசிலாந்துக்காரரான பீட்டர் லின் இதைப் பரவலாக்கினார்.

யாங்கோனை விட்டுக் கிளம்பிய ஆபீஸ் நண்பர் ஒருவரிடமிருந்து பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். எவர்சில்வர் குடம் மாதிரி பளபளத்தது. லீவு விட்டதும் ஙுவே சாங் கடற்கரைக்குப் போகலாம் என்று பத்து வயதுப் பையனிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தான்.

எந்த இடத்தில் உடையும் என்று தேடுவதுதான் என் வேலை. சாஃப்ட்வேரில் தினமும் கேட்கும் அந்தக் கேள்வி, இந்த வண்டியைப் பார்த்தபோது மட்டும் வாயில் வரவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், பின் சக்கரத்தில் ஒரு கரகர சத்தம். எங்கள் தெருமுனையில் சைக்கா ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். சைக்கா என்றால், சைக்கிளின் பக்கத்தில் இருக்கை கட்டிய வாடகை வண்டி. சைடு கார் என்ற ஆங்கிலச் சொல்தான் அப்படித் தேய்ந்தது. ஒருவர் முன்னே பார்த்தும் இன்னொருவர் பின்னே பார்த்தும் உட்காருவார்கள். யாங்கோனில் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. குறுக்குத் தெருக்களுக்குச் சைக்காதான் கைகொடுக்கிறது. பெரியவர் இங்கேயே பிறந்த தமிழர்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். "பேரிங்ல உப்பு ஏறியிருக்கு தம்பி. அது சின்ன விஷயம், மாத்திடலாம். கம்பியைப் பாத்தீங்களா?"

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே ஐயா, துருப்பிடிக்காதே."

"துருவைக் கேக்கல."

முன் ஃபோர்க்கின் கழுத்தில், பற்றவைத்த இடத்தில், மண்ணெண்ணெய் தடவினார். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சாக்பொடியைப் பூசினார். டீ குடித்து முடிப்பதற்குள் வெள்ளைப் பூச்சில் முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது. விரிசல்! உள்ளே புகுந்த மண்ணெண்ணெயைச் சாக்பொடி உறிஞ்சிக் காட்டிவிட்டது. கழுத்தைச் சுற்றி ஏறக்குறைய பாதி தூரம் ஓடியிருந்தது.

"சைக்கிள் திரும்பறப்ப சாயும். அதனால பாரம் நேரா சக்கரத்துல இறங்கும். இது சாயாது. எங்க சைக்காவும் சாயாது. சாயாத வண்டிக்கு அடி பக்கவாட்டுலதான் விழும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வண்டியில் பட்டமும் பக்கவாட்டில்தான் இழுக்கிறது. காலால் மிதித்துத் திருப்பும் அழுத்தமெல்லாம் முன் கழுத்துக்குப் போகிறது. பின் சக்கரங்களுக்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு. இதன் உறுதியெல்லாம் இரண்டு இடங்களில் இருக்கிறது: முன் கழுத்து, பின் அச்சு. நான் பார்த்ததோ சீட்டையும் பளபளப்பையும். ஓட்டத்தின் நடுவே கழுத்து முறிந்திருந்தால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. உட்கார்ந்திருப்பவன் என் பையன்.

"இங்கயே ஒட்டிக் கொடுத்துடுங்களேன்" என்றேன். மறுத்துவிட்டார். சாதாரண இரும்புக் கம்பியால் ஒட்டினால் ஒட்டிய இடமே துருப்பிடிக்குமாம். ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறை ஒன்றைச் சொல்லி அனுப்பினார். பேரிங்குக்கு மட்டும் காசு வாங்கினார்.

பழைய பக்கி வாங்குபவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். பின்னால் நின்று பாருங்கள்: இரண்டு பின் சக்கரங்களின் மேல்பக்கமும் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள், ஆட்டியும் பாருங்கள். பற்றவைத்த இடங்களில் மண்ணெண்ணெய், சாக்பொடி. ஸ்டெயின்லெஸ் என்றால் 304-ஆ 316-ஆ என்று கேளுங்கள். கடல் உப்பை 316 இன்னும் நன்றாகத் தாங்கும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் பேரிங்குக்குள் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம்.

பயணம் தள்ளிப்போனது. பையன் ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் கையைப் பிடித்து இழுத்துப் போய், அந்தக் கோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "இதுலயாப்பா என்னை உட்கார வைக்க இருந்தே?" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது வீட்டில் சாக்பீஸ் தங்குவதில்லை. அவன் சைக்கிள், தங்கையின் ஊஞ்சல், என் ஆபீஸ் நாற்காலி, எல்லாவற்றிலும் வெள்ளைப் பூச்சு. மண்ணெண்ணெய் வாடைக்கு மட்டும் அவன் அம்மா என்னைத்தான் திட்டுகிறாள்.