அப்பா இல்லாத இலக்கியமா?

பட்டிமன்ற மேடையில் சொன்னவுடன் கைதட்டல் வாங்கித் தரும் வாக்கியம் ஒன்று உண்டு: தமிழ் எழுத்து அம்மாவைக் கொண்டாடியது, அப்பாவை மறந்தது. தந்தையர் தினம் வந்தால் இதழ்களிலும் இதே பல்லவிதான். அப்பா கதையில் இல்லை, இருந்தாலும் பிரம்பும் கையுமாக இருக்கிறார், பிரம்பு இல்லையென்றால் வாய் திறப்பதில்லை, பாசமுள்ள அப்பா நேற்று வந்தவர் என்று அந்த வாக்கியத்துக்கு நான்கு கிளைகள். நான்குமே தவறு. அதைக் காட்ட வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரிலிருந்தே தொடங்கலாம்.

முதல் வாதம், அப்பா இல்லவே இல்லை என்பது. கொடும்பாளூர் இளவரசி வானதியைத் தமிழ் வாசகர்கள் ‘பொன்னியின் செல்வன்’ வழியாக அறிவார்கள். ஈழப் போரில் தந்தையைப் பறிகொடுத்த பெண்ணாகத்தான் கல்கி அவளைக் கதைக்குள் கொண்டுவருகிறார். அதே நாவலில் கால்கள் செயலிழந்து தஞ்சை அரண்மனையில் கிடக்கும் சுந்தர சோழரின் குற்ற உணர்வை எடுத்துவிட்டால் கதையில் பாதி நகராது.

இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரம். கோவலன் கொலையுண்ட செய்தி புகாருக்கு வந்ததும் அவன் தந்தை மாசாத்துவான் செல்வத்தையெல்லாம் தானமாகக் கொடுத்துவிட்டுப் பௌத்தத் துறவியாகிறான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவக நெறியில் சேர்கிறான். துறைமுக நகரின் பெருவணிகர் இருவர், பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் பொருளே வேண்டாமென்று எழுந்து போகிறார்கள். தந்தையின் துக்கத்தை இதைவிட எப்படிச் சொல்ல வேண்டும்?

இரண்டாவது வாதம், அப்பா என்றால் அதட்டல் என்பது. இதற்குச் சாட்சியாக சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் வரும் எஸ்.ஆர்.எஸ்ஸை நிறுத்துகிறார்கள். 1930களின் கடைசியில், கோட்டயத்தில், அவருடைய காலடிச் சத்தமே சிறுவன் பாலுவுக்குப் பயம் என்பது உண்மை. ஆனால் சு.ரா. அந்தப் பயத்தோடு நிற்கவில்லை. நோயாளி மனைவியை வைத்துக்கொண்டு, மகனை எப்படி அணுகுவதென்று தெரியாமல் தவிக்கும் மனிதரின் மனதுக்குள்ளும் போகிறார். கண்டிப்பான அப்பாவை எழுதியதே, அந்தக் கண்டிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். 1919இல் காஃப்கா தன் அப்பாவுக்கு எழுதி, கடைசிவரை அவர் கைக்குப் போய்ச் சேராத நீண்ட கடிதத்தை உலகமே படிக்கிறது. அதை வைத்து ஐரோப்பிய இலக்கியத்தில் அப்பா வெறும் அடக்குமுறைதான் என்று யாரும் தீர்ப்பெழுதுவதில்லை.

அதட்டும் அப்பாவுக்கு நேர் எதிர்முனையில் இமையத்தின் ‘பெத்தவன்’ நிற்கிறது. தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து அப்பாவுக்குக் கெடு வைக்கிறது. அவன் ஊரிடம் தலையாட்டிவிட்டு வருகிறான். இரவோடு இரவாக நகையும் பணமும் கொடுத்து மகளை அனுப்பிவிட்டுத் தன் உயிரை விடுகிறான். சாதி கேட்ட பலிக்கு மகளைத் தராத அப்பா அவன். ஆணவக் கொலைச் செய்திகள் ஓயாத மாநிலத்தில் இந்தக் கதையைப் படித்த ஒருவர், தமிழில் அப்பா என்றால் பிரம்புதான் என்று எப்படிப் பேச முடியும்?

மூன்றாவது வாதம், அப்பா பேசமாட்டார், ஆகவே எழுத ஒன்றுமில்லை என்பது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ என்றால் எல்லோரும் அலங்காரத்தம்மாளைத்தான் பேசுவார்கள். தண்டபாணியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பத்திரிகையில் பிழை திருத்துகிறார், ஜாதகம் பார்க்கிறார், பெரிய மனிதர்களுக்கு வேதாந்தம் சொல்லிக்கொடுக்கிறார். மனைவியைத் தேடி இன்னொருவர் தன் வீட்டுக்கே வந்துபோவது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதே வீட்டில் அதே வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறார். வேதம் படித்து முடித்து வீடு திரும்பும் மகன் அப்பு, அந்த மௌனத்தின் முன் நிற்கும்போதுதான் நாவல் கனக்கிறது.

பேசாத அப்பாவைச் செயலில் தேட வேண்டும். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தில் தந்தை வேங்கடசுப்பையர் செய்வதைப் பாருங்கள். அவர் சங்கீத வித்துவான், கையில் காசு தங்காதவர். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஒருவர் கிடைப்பார் என்றால் குடும்பத்தோடு அந்த ஊருக்குக் குடிபெயர்கிறார். அரியலூர், குன்னம், காருகுடி, செங்கணம் என்று அலைந்து, 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பையனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். மகன் சங்கீதமும் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகவே கோபாலகிருஷ்ண பாரதியாரிடமும் பாடம் ஏற்பாடாகிறது. அது மகாவித்துவானுக்கு உவப்பில்லை என்று தெரிந்ததும் மகன் சங்கீதத்தை விட்டுவிடுகிறார். தன் வித்தை மகனோடு தொடராது என்பதைத் தாங்கிக்கொண்ட தகப்பன் அவர். சங்க நூல்கள் அச்சேறிய வரலாற்றில் இவருக்கும் பங்குண்டு.

நான்காவது வாதம், பாசமுள்ள அப்பா புதிய வரவு என்பது. 2013இல் வந்த ‘தங்க மீன்கள்’ படத்தைச் சொல்வார்கள். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை கடவுளை வீட்டுக்கு அழைத்துப் போயாயிற்று. அங்கே அப்பாவின் செல்ல மகள் வள்ளி கடவுளையே விளையாட்டுத் தோழனாக்கிக்கொள்கிறாள்.

கதைதானே என்பவர்களுக்குப் புதுக்கோட்டையே பதில் சொல்லும். 1886இல் அங்கே பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர். அந்தத் திருமணத்துக்காக நாராயணசாமியை அவர் குடும்பம் ஒதுக்கி வைத்தது. பெண் பெரியவளானால் பள்ளிக்கூடம் முடிந்தது என்றிருந்த காலம். அவர் மகளுக்கு வீட்டிலேயே பாடம் தொடர வழிசெய்தார். பிறகு மகள் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் அந்தப் பெண் உட்கார்ந்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார், பின்னர் தேவதாசி முறை ஒழிப்புக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் முன்னின்றார். அவருடைய பயணம் இந்தத் தந்தையிலிருந்துதான் தொடங்குகிறது.

எதிர்த் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அப்பாக்களைப் பற்றிப் பெண்கள் தமிழில் எழுதிய முழு நூல்கள் குறைவு. முத்துலட்சுமி தன்வரலாற்றை ஆங்கிலத்தில்தான் எழுதினார். அவரை அத்தை என்று அழைத்த புதுக்கோட்டைக்காரர் ஜெமினி கணேசனைப் பற்றி மகள் நாராயணி கணேஷ் எழுதிய நூலும் ஆங்கிலத்தில்தான் வந்தது. ஆகவே மேடையில் கேட்க வேண்டிய கேள்வி, மகள்களின் எழுத்து ஏன் தமிழுக்கு வரவில்லை என்பது. பதிப்பகங்கள் அதற்கு ஆள் தேடி எழுதவைக்கட்டும், மொழிபெயர்க்கட்டும். அப்பாவே இல்லை என்று கைதட்டல் வாங்குவது, எழுதிவைத்தவர்களைப் படிக்காமல் விடுவதற்கு ஒரு சாக்காகிவிடுகிறது.