வாயுள்ள பிள்ளை மட்டும் போதாது!

மூன்றாம் ஆண்டு, டெக்ஸ்டைல் டெக்னாலஜி



"வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்"னு எங்க அமுச்சி அடிக்கடி சொல்லும். நமக்கெல்லாம் வாய்க்குக் குறைவில்லை. கேண்டீனில் ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவோம். ஆனால் பேச வேண்டிய இடத்தில் பேசுகிறோமா? நான் பேசவில்லை. அந்தக் கதையோடு ஆரம்பிக்கிறேன்.

போன விடுமுறையில் ஒரு பனியன் கம்பெனியில் இன்பிளான்ட் டிரெய்னிங். கட்டிங் டேபிளில் இருந்து பண்டில்களை எடுத்துத் தையல் லைனுக்குக் கொடுக்கும் இடத்தில் என்னை நிற்க வைத்தார்கள். நேவி புளூ டி-ஷர்ட் ஓடிக் கொண்டிருந்தது. உடம்புத் துணியின் சீட்டில் ஒரு லாட் நம்பர், கைத்துணியின் சீட்டில் வேறு லாட் நம்பர். பக்கத்தில் நின்ற ஒடிசா அண்ணன் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, "அலக் ஹை" என்றார். உற்றுப் பார்த்தேன். ஆமாம், வேற வேற ஷேடுதான். சூப்பர்வைசர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். 'டிரெய்னிங் வந்த பையன், நமக்கெதுக்கு வம்பு' என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

சாயங்காலம் செக்கிங்கில் மாட்டியது. அதற்குள் 1,400 பீஸ் தைத்தாகிவிட்டது. திட்டு முழுவதும் அந்த அண்ணனுக்கு. அவருக்குத் தமிழ் வராது. தமிழ் வந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

நண்பர்களே, அன்று மெஷின் பழுதாகவில்லை. ஊசி உடையவில்லை, கரண்ட் போகவில்லை. பழுதானது ஒன்றே ஒன்று: கீழே தெரிந்த செய்தி மேலே போகும் வழி. இந்த வழியைப் பற்றிப் படிப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அதன் பெயர் நிறுவனத் தகவல் தொடர்பு. இங்கிலீஷ் பாடத்தில் படிக்கும் லெட்டர் ரைட்டிங்கோ, டை கட்டிக்கொண்டு நுனிநாக்கில் பேசுவதோ அல்ல இது. ஒரு கம்பெனிக்குள் யார் யாரிடம் பேசுகிறார்கள், யார் பேசப் பயப்படுகிறார்கள், சொன்னது எங்கே தேங்கி நிற்கிறது என்று ஆராயும் துறை.

இதன் வேர் ஒரு தொழிற்சாலையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடத்தில் டெலிபோன் சாதனங்கள் செய்யும் பெரிய ஆலை. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று 1924-ல் அங்கே ஆராய ஆரம்பித்தார்கள். ஆராய்ச்சி எங்கெங்கோ போய், 1928 முதல் 1930 வரை 21,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் உட்கார்ந்து பேசுவதில் வந்து நின்றது. முதலில் கேள்வித்தாளை வைத்துக் கேட்டார்கள். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, அவர்களையே பேசவிட்டுக் கேட்டார்கள். பல்பைப் பார்க்கப் போனவர்கள் கடைசியில் மனுஷனைப் பார்த்தார்கள்! அந்த வழியில் வந்ததுதான், பின்னாளில் பர்டூ போன்ற பல்கலைக்கழகங்களில் தனிப் பாடமாகவே வளர்ந்தது.

"அதெல்லாம் அமெரிக்கா, நம்ம ஊருக்கு எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். நம்ம ஊருக்குத்தான் முதலில் வேண்டும். ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பேக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் வேறிடம். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு சீட்டும் ஒரு வாய்ச்சொல்லும் கூடவே போகின்றன. இப்போது தையல் லைனில் ஒரே வரிசையில் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

2023 மார்ச் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கோ, எதற்கோ நடந்த சண்டைகளை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பியவர்களைக்கூடப் பயந்து ஓடுகிறவர்களாகக் காட்டினார்கள். போலீஸ் மறுப்புச் சொல்லி, உதவி எண் கொடுத்து, பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து பேசிய பிறகுதான் பதற்றம் தணிந்தது. என் கேள்வி இதுதான்: தினமும் பத்து மணி நேரம் பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசரை நம்பாமல், முகம் தெரியாதவன் அனுப்பிய வீடியோவை ஒருவர் ஏன் நம்புகிறார்? அந்த சூப்பர்வைசர் "சீக்கிரம், சீக்கிரம்" என்பதைத் தவிர வேறெதுவும் அவரிடம் பேசியிருக்க மாட்டார்.

இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. வங்காளதேசத்தில் டாக்கா பக்கம் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த கார்மென்ட் தொழிலாளர்களையோ மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 24-ஆம் தேதி காலை கட்டடம் சரிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விரிசல் எல்லோர் கண்ணிலும் பட்டது. பயந்தவர்களின் சொல்லுக்குத்தான் மதிப்பில்லை. எனக்கு 1,400 பீஸ், அங்கே 1,100 உயிர். நோய் ஒன்றுதான்.

வழி திறக்க முடியாதா? முடியும். ஒரு பெண் தொழிலாளி கொலையுண்ட துயரத்துக்குப் பிறகு, 2022-ல் 'திண்டுக்கல் உடன்பாடு' கையெழுத்தானது. நம்ம ஊர் ஈஸ்ட்மேன் நிறுவனமும் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் சேர்ந்து போட்டது. அதன்படி பெண் தொழிலாளர்களே பயிற்சி பெற்று, லைனில் நடக்கும் தொல்லைகளைக் கவனித்து மேலே சொன்னார்கள். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அதில் அடக்கம்.

சரி, இதைப் படித்தால் என்ன வேலை? முதலாவது, மெர்ச்சன்டைசர். அயல்நாட்டு பையருக்கும் நம்ம ஊர் டையிங்காரருக்கும் நடுவில் நிற்பவர். லேப் டிப் அப்ரூவல் முதல் ஷிப்மென்ட் வரை அவர் வேலையே தகவல் தொடர்புதான். இரண்டாவது, எச்.ஆர்., கம்ப்ளையன்ஸ் பிரிவுகள். மூன்றாவது, நல அதிகாரி. 500 பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலைக்கு ஒரு நல அதிகாரி வேண்டும் என்று 1948-ஆம் வருடச் சட்டம் கேட்டது. 2020-ஆம் வருடச் சட்டத்தொகுப்பு அதை 250 ஆக்கியது. பெரிய நிறுவனங்களில் பயிற்சித் துறை, உள் தகவல் பிரிவு, மக்கள் தொடர்பு என்று இன்னும் கதவுகள் உண்டு.

இந்தப் பெயரிலேயே பட்டம் நம் பக்கம் தேடினால் சுலபத்தில் கிடைக்காது. எம்.பி.ஏ. மனிதவளம், சமூகப்பணி எம்.எஸ்.டபிள்யூ., இதழியல் மற்றும் தகவல் தொடர்பு ஆகியவற்றுக்குள்தான் இந்தப் பாடங்கள் இருக்கும். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தகவல் தொடர்புக்குத் துறைகள் உள்ளன. நாம் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. முடித்து, டான்செட் எழுதி எம்.பி.ஏ. போகலாம். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியிலும் படிக்கலாம். டிப்ளமோவுக்கு எது செல்லும் என்று சேரும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முதலாளி சொன்னதைச் சர்க்கரை தடவிக் கீழே இறக்குவதுதான் தகவல் தொடர்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மைக் செட் போதும், பட்டம் எதற்கு? கீழே இருப்பவர் சொல்லும் கெட்ட செய்தியை மேலே கொண்டு சேர்ப்பவர்தான் இந்தப் படிப்புக்குப் பெருமை சேர்ப்பவர். அதற்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? மெஷினும் தெரியும், லைனும் தெரியும், நாளைக்கு ஆபீஸ் ரூமுக்குள்ளும் நாம்தான் போகப் போகிறோம்.

ஆகவே நமது மாணவர் மன்றத்துக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, மாலையில் பேச்சு இந்தி வகுப்பு நடத்துங்கள். லைனில் புழங்கும் நூறு சொற்கள் போதும். இரண்டு, டிரெய்னிங் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் கூட்டச் சொல்லித் துறைத்தலைவர்களிடம் பேசுங்கள்: 'இந்தக் கம்பெனியில் ஒரு தப்பைப் பார்த்தவர் யாரிடம் சொல்வார்? சொன்னால் என்ன நடக்கும்?'

அடுத்த நாள் அந்த சூப்பர்வைசர் என்னிடம், "ஏனுங் தம்பி, பார்த்தீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த ஒடிசா அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரை வேறு யூனிட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

உங்களுக்கு அப்படி நேர வேண்டாம் நண்பர்களே. பார்த்தால் சொல்லுங்கள், சொன்னால் கேளுங்கள்!