செண்பகத்தோப்பில் இருந்து ஒரு தீவுக்கு!

பரீட்சை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கே போவது?

அந்தமான் தீவு என்கிறார் ஒருவர். மாலத்தீவு என்கிறார் இன்னொருவர். விளம்பரங்களில் நீலக்கடலும் வெள்ளை மணலும் கண்ணைப் பறிக்கின்றன. செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது!

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். அவர்களுக்கும் ஒரு தீவு இருக்கிறது. நீலக்கடல் உண்டு. வெள்ளை மணல் உண்டு. பவளப்பாறை உண்டு. ஏறத்தாழ 200 கிலோ மீட்டர் தூரந்தான். அந்தத் தீவுக்குப் பெயர் பாம்பன் தீவு. அதில் இருக்கும் ஊர்தான் ராமேசுவரம்.

"அது கோவில் அல்லவா? தீவு என்று யார் சொன்னது?" என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. பாலத்தில் ரயில் ஏறும்போது தூங்கிவிட்டவர்கள் அவர்கள்!

கோடை விடுமுறையில் மலை அடிவாரத்தில் இருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் அந்தத் தீவுக்குப் போகிறார்கள். போய் வரட்டும். ஆனால், மலையடிவாரத்து மனிதருக்குத் தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது. அதுதான் கடல்.

மலை தெரியும், கடல் தெரியுமா?

செண்பகத்தோப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. மேலே போனால் காட்டழகர் கோவில். மழைக்காலத்தில் ஓடைகளில் தண்ணீர் சலசலவென்று ஓடும். ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோவில் ஆறு இருக்கிறது.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓர் அறிவு உண்டு. காலடியில் வெயில் அடிக்கும். ஓடையில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். ஆனால் மேற்கே மலையில் மேகம் கறுத்தால், பெரியவர்கள் "ஏறுங்கடா கரையில்!" என்று சத்தம் போடுவார்கள். காரணம் கேட்காமல் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் செந்தண்ணீர் மரங்களை உருட்டிக்கொண்டு வரும்.

வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. "மழையே இல்லையே!" என்பார். ஆற்றின் நடுவில் நின்றுகொண்டிருப்பார். 2015-ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளம் வந்தது. சாமி கும்பிடப் போனவர்கள் உயிர் இழந்தார்கள். அந்தத் துயரத்தை இந்த வட்டாரம் மறக்கவில்லை.

இப்போது திருப்பிப் பாருங்கள். தனுஷ்கோடிக் கடற்கரையில் செண்பகத்தோப்புக்காரர்தான் வெளியூர்க்காரர். "அலையே இல்லையே!" என்று அவர் சொல்லுவார். இடுப்பு அளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார்.

ஆண் கடல், பெண் கடல்

தீவின் கிழக்கு முனை வால் போல நீண்டு கிடக்கிறது. அந்த வால்தான் தனுஷ்கோடி. ராமேசுவரத்தில் இருந்து ஏறத்தாழ 20 கிலோ மீட்டர். சாலைக்கு இடப்புறம் ஒரு கடல். வலப்புறம் இன்னொரு கடல். வடக்கே இருப்பது பாக் நீரிணைப் பக்கத்துக் கடல். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடகடல் குளம் போலக் கிடக்கும். அதை மீனவர்கள் பெண் கடல் என்பார்கள். தென்கடல் சீறும். அது ஆண் கடல். இரண்டும் சேரும் இடம் அரிச்சல்முனை.

பெயரைக் கேட்டு ஏமாறக்கூடாது. மே மாதத்தில் தென்மேற்குக் காற்று தொடங்கினால் ஆண் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் பெண் கடல் பொங்கும். அப்போது ஆண் கடல் சாதுவாகிவிடும். எந்த மாதத்தில் எந்தக் கடல் எப்படி இருக்கும் என்பது அங்கே வலை இழுப்பவருக்குத் தெரியும். ஒருநாள் வந்து போகிறவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு விஷயம். அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அது எல்லா இடத்திலும் பரவலாகப் போகாது. சில இடங்களில் ஒரு வாய்க்கால் போலச் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் அலை குறைவாகத் தெரியும். "இங்கே அமைதியாக இருக்கிறது" என்று நினைத்து அங்கேதான் ஆட்கள் இறங்குவார்கள்!

இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் கை சோர்ந்துபோகும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவருக்கு இந்த யோசனையும் உதவாது. அவர் காலோடு அலையை நனைத்துக்கொள்வதே போதும்.

அரிச்சல்முனையில் குளிக்கக்கூடாது என்பது விதி. எச்சரிக்கைப் பலகையும் உண்டு. நாலாம் வகுப்புப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. "குளிக்கக் கூடாதாம் அப்பா" என்கிறது. அப்பாவோ, "அதெல்லாம் சும்மா எழுதி வைப்பார்கள்" என்று வேட்டியை மடித்துக் கட்டுகிறார்! வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, வாசித்ததை நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கும் தகப்பனை என்னவென்று சொல்வது?

பலகை மட்டும் போதாது என்பதும் உண்மை. விடுமுறை நாட்களில் கடல் அறிந்த மீனவ இளைஞர்களைக் கூலி கொடுத்துக் கரையில் நிறுத்தலாம். ஒரு விசில், ஒரு கயிறு, ஒரு மிதவை. பெரிய செலவு இல்லை. அரசாங்கம் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அந்த இரவு

தனுஷ்கோடியில் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. பிள்ளைகள் கேட்பார்கள்: "இது என்ன?" பெற்றோர் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அங்கே ரயில் நிலையம் இருந்தது. தபால் நிலையம் இருந்தது. மாதா கோவில் இருந்தது. சென்னையில் இருந்து வரும் "போட் மெயில்" ரயிலில் இறங்கி, கப்பல் ஏறி, இலங்கையின் தலைமன்னாருக்குப் போவார்கள். இடையில் உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோ மீட்டர்தான்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு பெரும்புயல் அடித்தது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊரே அழிந்தது. குடியிருக்கத் தகுதி அற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது.

புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் சிதைத்தது. அதைச் சீர்படுத்தும் பொறுப்பு இளம் என்ஜினீயர் ஸ்ரீதரனிடம் கொடுக்கப்பட்டது. 46 நாட்களில் வேலையை முடித்தார். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ ரயிலைக் கட்டியவர் இவரே.

அந்தச் சுவர்களின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள் சிலர். அது விளையாட்டுத் திடல் அல்ல. கடலில் போனவர்களின் உறவினர் இன்றும் இருக்கிறார்கள். அந்த மணலில் இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் குழி தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரை அகப்பையால் மொண்டு குடம் நிரப்புகிறார்கள் பெண்கள். உப்புக் கடலுக்கு நடுவில் குடிநீர்! குழாயைத் திறந்துவிட்டு விளையாடும் பிள்ளைக்கு இதைக் காட்டுவதற்காகவே அங்கே கூட்டிப்போகலாம்.

பாட்டிக்கு ஒரு நாள்

காலையில் போய் மாலையில் திரும்பும் பயணம் வேண்டாம். இரண்டு நாள் தங்கினால் நல்லது. ஒரு நாள் பாட்டிக்கு. ஒரு நாள் பிள்ளைகளுக்கு.

பாட்டி போவது தீர்த்தமாட. முதலில் அக்னி தீர்த்தம். பிறகு கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்றின் மேல் நின்று வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். ஒவ்வொரு கிணறாக நடக்க வேண்டும். தரை முழுவதும் ஈரம். கல் வழுக்கும். வயதானவரின் கையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரப் புடவையோடு சாமி பார்க்க விடமாட்டார்கள். மாற்றுப் புடவை கையோடு இருக்கட்டும். கழற்றிய துணியைக் கடலில் வீசுவது புண்ணியம் என்று யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள். அது கடலைக் குப்பைத்தொட்டி ஆக்கும் வேலை.

பிள்ளைகளின் நாள் பாலத்தில் தொடங்கட்டும். பழைய ரயில் பாலம் 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் ஆட்கள் கையாலேயே நெம்புகோலைச் சுற்றிப் பாலத்தைத் திறப்பார்கள். 2022-ஆம் ஆண்டு டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. இதில் நடுப்பகுதி முழுவதும் லிப்ட் போல மேலே எழும்புகிறது. பக்கத்தில் 1988-ஆம் ஆண்டு திறந்த சாலைப் பாலம். அதில் பஸ் போகும்போது எல்லாவற்றையும் பார்க்கலாம்.

அப்துல் கலாம் 1931-ஆம் ஆண்டு பிறந்த ஊர் இது. இரண்டாம் உலகப்போர் நடந்தபோது ராமேசுவரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலில் இருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள். அதைப் பொறுக்கி எடுத்து வீடு வீடாகப் போடுவதில் துணை நின்ற சிறுவன், பின்னால் நாட்டின் ஜனாதிபதி ஆனான். பேக்கரும்பில் அவர் நினைவிடம் இருக்கிறது.

எதை வாங்குவது?

கடைவீதியில் சிப்பி மாலை வாங்கலாம். பவளப்பாறைத் துண்டை யாராவது மறைத்து வைத்து விற்றால் வாங்க வேண்டாம். அது உயிருள்ள பூச்சிகள் காலங்காலமாகக் கட்டிய வீடு. மீன் குஞ்சுகள் அங்கேதான் வளர்கின்றன. தூத்துக்குடியில் இருந்து ராமேசுவரம் வரை உள்ள 21 குட்டித் தீவுகளும் பவளப்பாறைகளும் 1986-ஆம் ஆண்டு முதல் கடல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. பவளத்தை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

செண்பகத்தோப்புக்காரருக்கு இது சொல்லாமலே விளங்கும். அவர்கள் காட்டில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. அதற்காகவே 1988-ஆம் ஆண்டு சரணாலயம் ஏற்பட்டது. 2021-ஆம் ஆண்டு முதல் அந்தக் காடு, மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் அந்த அணிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் ஊர் சும்மா விடுமா?

பையில் இடம் இருந்தால், போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொஞ்சம் எடுத்துப் போகலாம். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவருக்கு ஒரு பொட்டலம் கொடுத்து, "இன்றைக்குக் கடல் எப்படி, ஐயா?" என்று கேட்கலாம். அவர் தலையை ஆட்டினால், பிள்ளைகளைக் கணுக்கால் அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.