கன்னுக்குட்டி கண்ணில் புகையிலை துப்பாதீங்க!

மாட்டுப் பொங்கல் அன்று கொம்புக்கு பெயின்ட் அடிக்கிறார்கள். நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் மாலை, சலங்கை. செல்போனில் போட்டோ வேறு. அந்தப் போட்டோவின் ஓரத்தில் ஒரு கன்றுக்குட்டி நிற்கும் பாருங்கள்... ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கன்னத்தில் கோடு போட்ட மாதிரி நீர் வடிந்துகொண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை. பண்டிகை பால் கறக்கும் மாட்டுக்குத்தானே, கன்றுக்கு இல்லையே!

நாலு நாள் கழித்துத்தான் வீட்டில் ஒருவர் பார்ப்பார். "அட, கண்ணுல பூ விழுந்துடுச்சே" என்பார். அடுத்த காட்சி நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஒரு பெரியவர் வாயில் புகையிலையை மெல்லுவார், கன்றின் இமையைப் பிரிப்பார், 'தூ' என்று சாறைத் துப்புவார். சில ஊர்களில் புகையிலைக்குப் பதில் உப்புக்கல். இதற்கு நாட்டு வைத்தியம் என்று பெயர். இணையத்தில் இதைப் 'பாரம்பரிய அறிவு' என்று பெருமையாகப் பகிர்கிற பட்டணத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் தூசி விழுந்தால் மட்டும் கண் டாக்டர் :-)

சரி, துப்பினால் சில கன்றுகளுக்குக் குணமாகிறதே, அது எப்படி? இங்கேதான் சூட்சுமம். மழை முடிந்து ஈ பெருகும் காலத்திலும் வெயில் தூசிக் காலத்திலும் கன்றுகளுக்குப் பரவுகிற கண் நோய் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'பிங்க் ஐ' என்பார்கள். மொராக்செல்லா போவிஸ் என்கிற பாக்டீரியா முக்கியக் காரணம். ஒரு கன்றின் கண்ணீரில் உட்கார்ந்த ஈ அடுத்த கன்றின் கண்ணில் போய் உட்காரும், அவ்வளவுதான் விஷயம். முதலில் தண்ணீராக வடியும், வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்ளும். ஓரிரு நாளில் கருவிழி நடுவில் வெள்ளையாகவோ நீலம் கலந்தோ ஒரு புள்ளி தெரியும். அது கருவிழியில் விழுந்த புண். ஓரத்திலிருந்து ரத்தக்குழாய்கள் அந்தப் புண்ணை நோக்கி வளர்ந்து, சிவந்த வளையம் போலக் காட்டும்.

இந்தப் புண்களில் பாதிக்கு மேல் மூன்று முதல் ஐந்து வாரத்தில் தானாகவே ஆறிவிடும். தழும்பு மட்டும் மிஞ்சும். ஆக, ஆறியது உடம்பின் வேலை; பேர் வாங்கியது புகையிலை. ஆறாமல் புண் ஆழமாகி விழி உடைந்துபோன கன்றுகளை யார் கணக்கில் வைத்தார்கள்? அவை "விதி"யின் கணக்கில் போய்விட்டன. லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை எழுதாத பேரேட்டை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். மாட்டுக் கொட்டகையில் மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் கண்ணைக் கழுவினால் அது மருத்துவம். பீளையும் தூசியும் போகும், கன்றுக்கும் எரியாது. அதே உப்பைக் கல்லாக மென்று ஊதினால் புண்ணில் உப்பு. ரெண்டும் ஒரே உப்புதான், அளவு தெரிந்தவன் கையில் ஒன்று, தெரியாதவன் வாயில் இன்னொன்று.

நாட்டு வைத்தியம் வேண்டாம் என்றால் உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிற கூட்டம் தனி. "மாட்டுக்கு கண்ணு சரியில்ல, ஏதாவது டியூப் குடுங்க." கடைக்காரரும் கொடுப்பார். அந்த டியூபில் ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். போட்டதும் சிவப்பு குறையும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் புண் ஆறுவது தடைபடும், விழி ஓட்டையாகும் அபாயமும் கூடும். டாக்டர் ஒரு சாயத்தாளைக் கண்ணில் தொட்டு வைப்பார், புண் இருந்தால் அந்த இடம் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். பார்த்த பிறகுதான் எந்த மருந்து என்று முடிவு செய்வார். சில சமயம் மூன்றாம் இமைக்கு அடியில் வெள்ளை நூல் மாதிரி புழுக்கள் நெளியும் (ஆமாம், கண்ணுக்குள் புழு! இதையும் பரப்புவது ஈதான்). சில சமயம் வைக்கோல் துணுக்கு குத்திக்கொண்டு நிற்கும். இத்தனைக்கும் ஒரே டியூப் என்றால் எப்படி?

இது வரைக்கும் சொன்னது வெளியே தெரிகிற நோய். கோபம் வர வேண்டியது இனிமேல் சொல்லப்போகிற விஷயத்துக்கு.

கன்றுக்குக் கண் பளபளவென்று இருக்கும், சிவப்பு இல்லை, பீளை இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் தொட்டியில் முட்டிக்கொள்ளும், வாசற்படியில் தடுக்கும். கிட்டத்தில் பார்த்தால் பாப்பா விரிந்தே கிடக்கும். இது வைட்டமின் ஏ குறைவு. கன்று வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து இந்தச் சத்து மிகக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். பிறந்தவுடன் கிடைக்கும் சீம்பால்தான் அதற்கு முதல் சேமிப்பு. அந்தச் சீம்பாலில் சத்து இருக்க வேண்டும் என்றால் சினை மாடு பச்சைத் தீவனம் தின்றிருக்க வேண்டும். காய்ந்த வைக்கோலில் இந்தச் சத்து கிட்டத்தட்ட பூஜ்யம். வைக்கோல் மட்டும் தின்ற மாடு, சீம்பாலில் பாதியைத் திரட்டுப்பாலுக்குக் கறந்துகொண்ட வீடு, அதன் பிறகு காம்பில் ரெண்டு சப்பு சப்பவிட்டு இழுத்துக் கட்டுகிற கை... பாக்கி என்ன இருக்கிறது?

குறைவு நீடித்தால் வளர்கிற கன்றின் மண்டை ஓட்டில் கண் நரம்பு போகிற எலும்புத் துளை குறுகி நரம்பை நெரிக்கும். அதற்குப் பிறகு எந்த ஊசி போட்டாலும் பார்வை திரும்பாது. மாலைக்கண்ணாக இருக்கும்போதே பிடித்தால் ஊசியும் பச்சைத் தீவனமும் போதும். அகத்தி, வேலிமசால், கம்பு நேப்பியர் எல்லாம் தமிழ்நாட்டில் கிடைக்காத அதிசயப் பொருள்களா?

"அவன் ஏழை விவசாயி, கன்றுக்கு ஊத்துனா சொசைட்டிக்கு என்ன ஊத்துவான்?" என்று கேட்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 25 கிலோ கன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் பால் வேண்டும். அதில் ஒரு லிட்டரைப் பிடுங்கி, லிட்டர் 35 ரூபாய் என்றே வைத்து, 60 நாள் விற்றால் மிச்சம் 2,100 ரூபாய். இந்த மிச்சத்துக்காகப் பணயம் வைப்பது நாளைக்கு அதே வீட்டில் பால் கறக்கப்போகிற கிடாரியை. குருட்டுக் கிடாரியைச் சந்தையில் யார் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று அந்த விவசாயிக்கே தெரியும். பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லித்தருகிறார்கள், மூலதனச் செலவையும் அன்றாடச் செலவையும் குழப்பாதே என்று. கன்று குடிக்கும் பால் மூலதனம்.

காளைக் கன்று என்றால் இந்தக் கணக்கும் செல்லாது, உண்மைதான். டிராக்டர் வந்த பிறகு கலப்பினக் காளைக் கன்றுக்கு விலை கிடையாது, அதனால் பாலும் கிடையாது. பாதிக் கன்றுகள் ஆணாகத்தான் பிறக்கும் என்று தெரிந்தே மாடு வளர்க்கிறவர்கள், அதைப் பட்டினி போட்டுக் குருடாக்குவதற்கு வறுமையைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. கணக்கில் வராததற்கும் வலிக்கும்.

இன்னொரு குருட்டுத்தனம் மனிதருக்கு. கழிச்சல் கண்ட கன்றின் கண் உள்ளே போய்க் குழி விழுந்தால் "இளைச்சுப் போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அது இளைப்பு இல்லை, உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். அன்றைக்கே உப்பு-சர்க்கரைக் கரைசலும் டாக்டரும் வேண்டும். பிறந்த சில நாளில் தொப்புள் வீங்கி, மூட்டு வீங்கி, கண்ணுக்குள் சீழ் மாதிரி மங்கினால் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே கண் சொட்டு மருந்து எதையும் காப்பாற்றாது.

அதே சமயம் சும்மா பயப்படவும் வேண்டாம். கண்ணுக்கு நேரே கையை வீசினால் இமைக்கவில்லை, குருடு என்று முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதுகிறார்கள். பச்சைக் கன்றுக்கு அந்த இமைப்பு பழகிப் பழகித்தான் வரும், ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம்.

டாக்டர் கிடைப்பதில்லை என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. மதியத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும் மருந்தகங்கள் உண்டு. கால்நடை மருத்துவத்துக்கு 1903-லேயே சென்னையில் கல்லூரி கண்ட மாநிலத்தில், கன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவா முடியும் என்று அரசைக் கேட்கத்தான் வேண்டும். கேட்டுக்கொண்டே 1962 என்ற எண்ணையும் அழுத்தலாம், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான இலவச எண் அது. அது வருகிற வரை கன்றை மற்றவற்றிடமிருந்து பிரித்து நிழலில் கட்டி, வடிகிற நீரைச் சுத்தமான துணியால் துடைத்து, ஈ அண்டாமல் பார்த்துக்கொண்டு, புகையிலைப் பொட்டலத்தை மடியிலேயே முடிந்து வைத்திருந்தால் போதும்.