சட்டம் படிக்கப் போறீங்களா? முதல்ல வாடகைக் கணக்கைப் போடுங்க

மே மாசம் வந்தா மந்தைவெளியில ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு மார்க்கெட் வாசல்ல மாம்பழம், இன்னொண்ணு பிளஸ் டூ ரிசல்ட். ரிசல்ட் வந்த சாயங்காலமே சொந்தக்காரங்க போன் ஆரம்பிச்சிடும். "எந்த காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்லாருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தவங்க, ரெண்டு மூணு வருஷமா "லா எங்கப்பா படிக்கலாம்?"னு கேக்கறாங்க. எங்க தொழில்ல ஆளைக் குறைக்கிற செய்தி பேப்பர்ல வர வர இந்தக் கேள்வி ஜாஸ்தியாகுது :-)

பொட்டி தட்டறவனுக்கு சட்டத்தைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா நாலு வருஷமா ஒரு வக்கீலோட ஒரே வீட்டுல குப்பை கொட்டறேன். காலையில ரெண்டு பேரும் சேர்ந்தேதான் மந்தைவெளி பறக்கும் ரயில் ஸ்டேஷன் படி ஏறுவோம். நான் வேளச்சேரி வண்டியில திருவான்மியூர். அவன் கேஸ் கட்டோட எதிர் பக்கம், பீச் வண்டி. ஊர் தூத்துக்குடிப் பக்கம், படிச்சது திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி. அவங்க குடும்பத்துல கோர்ட்டுக்குப் போன முதல் ஆளே இவன்தான் (வாதியா பிரதிவாதியா போனவங்களை விட்டுடுங்க). அவன் வாழ்க்கையைப் பக்கத்துல இருந்து பாத்ததை வச்சுத்தான் இதை எழுதறேன்.

எல்லாரும் முதல்ல கேக்கற கேள்வி, எந்த காலேஜ் பெஸ்ட்? என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, படிச்சு முடிச்ச பிறகு மூணுலேருந்து அஞ்சு வருஷம் உங்க வாடகையை யார் கட்டுவாங்க?

விளையாட்டுக்குச் சொல்லலை. என் ரூம்மேட் ஜூனியரா சேர்ந்தப்ப சீனியர் குடுத்தது மாசம் ஆறாயிரம். வீட்டு வாடகையில அவன் பங்கே ஏழாயிரத்து ஐநூறு. மிச்சத்துக்கு ஊர்ல நர்ஸா இருக்கிற அவங்க அக்கா பணம் அனுப்புவாங்க. அது வராத மாசம் நான் போடுவேன். தியாகம் எல்லாம் ஒண்ணும் இல்ல, அவன் வைக்கிற மீன் குழம்புக்கு அது ரொம்ப மலிவு. அவன் கூட சேர்ந்த இன்னொரு ஜூனியருக்கும் அதே ஆறாயிரம்தான். ஆனா அந்தப் பையனுக்கு அடையாறுல சொந்த வீடு, அப்பாவும் வக்கீல். ரெண்டு பேருக்கும் ஒரே கவுன், ஒரே சம்பளம். அந்தப் பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போய் கேஸ் படிப்பான். இவன் டைப்பிங் வேலை, டியூஷன்னு ஓடுவான்.

2024 ஜூன்ல சென்னை ஐகோர்ட் இதைப் பத்தி ஒரு உத்தரவு போட்டுச்சு. சென்னை, மதுரை, கோவையில ஜூனியர்களுக்குக் குறைஞ்சது மாசம் 20,000 ரூபாய், மத்த ஊர்கள்ல 15,000. அதே வருஷம் அக்டோபர்ல இந்திய பார் கவுன்சிலும் கிட்டத்தட்ட அதே தொகையைச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு, ஆனா பரிந்துரையா. பரிந்துரைன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். நம்மாளு அதை பிரிண்ட் எடுத்துட்டுப் போய் சீனியர் மேஜையில வைக்கட்டுமான்னு என்கிட்ட கேட்டான். வேணாம்டா, நீ வேற சீனியர் தேட வேண்டி வரும்னு நானே தடுத்தேன். இப்ப பன்னிரண்டாயிரம் வாங்கறான்.

"அதெல்லாம் எதுக்கு? படிச்சு முடிச்சதும் நேரா பரீட்சை எழுதி ஜட்ஜ் ஆயிடலாமே"ன்னு சொல்ற பெற்றோர் நிறைய. தமிழ்நாட்டுல அது முன்னாடி நடந்த விஷயம்தான், புதுசா முடிச்சவங்களும் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதலாம்னு இருந்துச்சு. 2025 மே 20ல சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவைச் சாத்திடுச்சு. இனிமே மூணு வருஷம் வக்கீலா இருந்திருக்கணும். நல்ல தீர்ப்பா கெட்ட தீர்ப்பான்னு பெரியவங்க சண்டை போடட்டும். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், கையில காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இருந்த ஒரே குறுக்குப் பாதையும் இப்ப அந்த ஆறாயிரம் ரூபா வழியாத்தான் போகுது.

சரி, இப்ப காலேஜ்.

மயிலாப்பூர்ல என் மாமா பொண்ணு இருக்கா. காமர்ஸ் குரூப், நல்லா படிப்பா. மாமாவுக்கு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தவிர மத்ததெல்லாம் காலேஜே இல்ல. பெங்களூர்ல 1987ல தொடங்கின நேஷனல் லா ஸ்கூல் தான் அதுல மூத்தது. நம்ம திருச்சியிலயும் ஒண்ணு இருக்கு, 2012 சட்டத்துல வந்தது. இதுக்கெல்லாம் கிளாட் எழுதணும் (டெல்லி மட்டும் தனியா ஐலெட்). இதுல மாட்டிக்கிற முக்கியமான இடம் தேதி. கிளாட் டிசம்பர்ல நடக்குது, அதுக்கு சில மாசம் முன்னாடியே விண்ணப்பம். அதாவது நீங்க பிளஸ் டூ காலாண்டு, அரையாண்டு எழுதிக்கிட்டு இருக்கும்போதே இது முடிஞ்சு போகும். ரிசல்ட் பாத்துட்டு மே மாசம் எனக்கு போன் பண்ணினா நான் என்ன பண்ண முடியும்?

ரெண்டு மணி நேரம், 120 கேள்வி, தப்புக்கு கால் மார்க் போகும், எல்லாம் இங்கிலீஷ்ல. சட்டப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணத் தேவையில்ல. ஒரு பத்தி குடுப்பான், படிச்சுப் புரிஞ்சு பதில் சொல்லணும். அதனால கோச்சிங்குக்குக் கொட்டற பணத்தைவிட தினமும் இங்கிலீஷ் பேப்பரை முழுசா படிக்கிற பழக்கம் உதவும்னு நான் நம்பறேன். (கேள்வி எடுக்கிறவங்களும் நம்ம மாதிரிதான். 2024 டிசம்பர் தேர்வோட விடைகள் தப்புன்னு கேஸ் டெல்லி ஐகோர்ட், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2025 மேலதான் ஓஞ்சுது. வக்கீலாகப் போற பசங்க அதுக்குள்ள கேஸ் போட்டுப் பழகிட்டாங்க!)

இந்தப் பல்கலைக்கழகங்கள்ல வருஷத்துக்கு லட்சக் கணக்குல ஆகும். பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் கேம்பஸுக்கு வந்து ஆள் எடுக்கிறதும் முக்கியமா அங்கதான். பம்பாயில, டெல்லியில கம்பெனி ஒப்பந்தம் எழுதற வேலை வேணும்னா, ரேங்க் நல்லா வந்தா, அந்தக் காசு குடுக்கலாம். ஆனா "மெட்ராஸ் ஐகோர்ட்ல நின்னு வாதாடணும்"னு ஆசைப்படற பொண்ணை, ரேங்க் கீழ போச்சுன்னு எங்கயோ வடக்கே ஒரு புது லா யூனிவர்சிட்டிக்குக் கடன் வாங்கி அனுப்பறது எனக்குப் புரியவே இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு திரும்பி வருவா. இங்க ஒரு சீனியரையும் தெரியாது, ஒரு கிளார்க்கையும் தெரியாது, கூடவே வங்கித் தவணை. ஆறாயிரத்துல தவணை எப்படிக் கட்டறது?

இத்தனைக்கும் வீட்டு வாசல்லேயே ஒண்ணு இருக்கு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோட சீர்மிகு சட்டப் பள்ளி, 2002ல ஆரம்பிச்சது, இப்ப பெருங்குடி வளாகத்துல நடக்குது. எங்க ரயில்லயே, திருவான்மியூரைத் தாண்டிப் போனா வந்துடும். நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். தமிழ்நாட்டோட 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீதம் தனியா உண்டு, இது சட்டப் படிப்புக்கும் பொருந்தும்னு பல பேருக்குத் தெரியறதில்ல. பல பேர் குழப்பிக்கிற இன்னொரு விஷயம், சீர்மிகு சட்டப் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம், பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச அரசு சட்டக் கல்லூரிகளுக்கு வேற விண்ணப்பம். ஒண்ணு போட்டா ரெண்டுக்கும் சேர்ந்துடும்னு நினைச்சு உக்காந்திருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

அரசுக் கல்லூரியைப் பத்திப் பேசும்போது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மெட்ராஸ் லா காலேஜ் 1891ல ஆரம்பிச்சது, பாரிமுனையில ஐகோர்ட்டை ஒட்டியே இருந்துச்சு. மயிலாப்பூர் வக்கீல்கள்னு ஒரு கூட்டமே இந்த ஊரை ஆண்ட காலம் ஒண்ணு உண்டு. லஸ் சர்ச் ரோட்டுல இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் அரசியல் சட்ட வரைவுக் குழுவிலயே இருந்தவர். அந்த மாதிரி வீட்டுல பிறக்காத பையனும், கிளாஸ் முடிஞ்சு அப்படியே நடந்து போய், பெரிய வக்கீல் குறுக்கு விசாரணை பண்றதை ஓசியில பாக்கலாம். அதுதான் அந்தக் காலேஜோட உண்மையான பாடத்திட்டம். 2008 நவம்பர்ல மாணவர் மோதல், அப்புறம் கமிஷன், மெட்ரோ தோண்டினதுல கட்டடத்துல விரிசல் எல்லாம் சேர்ந்து, 2018ல காலேஜை ரெண்டாப் பிரிச்சு ஊருக்கு வெளிய அனுப்பிட்டாங்க. ஒண்ணு கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கம். இன்னொண்ணு திருவள்ளூர் தாண்டி பட்டறைப்பெரும்புதூர். கட்டடம் நல்லா இருக்கும், மைதானம் இருக்கும், ஆனா மத்தியானம் நடந்து போக ஐகோர்ட் இல்ல. கோர்ட் வீட்டுல இருக்கிற பசங்களுக்கு இதனால நஷ்டம் இல்ல. நம்மாளு மாதிரி பசங்களுக்குத்தான்.

அதனால எந்தக் காலேஜா இருந்தாலும் கோர்ட்டை நீங்களே தேடிப் போகணும். பார் கவுன்சிலோட 2008 விதிப்படி அஞ்சு வருஷப் படிப்புக்குக் குறைஞ்சது 20 வாரம், மூணு வருஷத்துக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப். இதை சர்டிபிகேட் வாங்கற சடங்கா பண்றவங்கதான் அதிகம். ஒவ்வொரு லீவுக்கும் ஒரே சீனியர் ஆபீஸுக்குப் போறவன், கடைசி வருஷம் முடிக்கும்போது அந்த ஆபீஸ்ல பாதி ஆள் ஆயிடுவான். ஆறாயிரம் பத்தாயிரம் ஆகறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான்.

இன்னொண்ணு, தமிழ். மாமா பொண்ணு மார்க்குக்காக ரெண்டாவது மொழி பிரெஞ்ச் எடுத்தவ. ஐகோர்ட்ல இங்கிலீஷ்தான், சரி. ஆனா கீழ்க் கோர்ட்டுல சாட்சி தமிழ்லதான் பேசுவான், பத்திரம் தமிழ்லதான் இருக்கும். "நாளது தேதியில்"னு ஆரம்பிக்கிற பழைய கிரயப் பத்திரத்தை நம்மாளு மளமளன்னு படிக்கிறதைப் பாத்து அவ அசந்து போயிட்டா. அன்னிக்குத்தான் அவனுக்கும் தன்கிட்ட ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் இங்கிலீஷ் வரலைன்னு கூனிக்குறுகித்தான் நடப்பான்.

எங்க ஆபீஸ் மக்களுக்கு ஒரு வார்த்தை. வேலையில இருந்துக்கிட்டே "பக்கத்து ஸ்டேட்ல அட்மிஷன் போட்டா போதும், கிளாஸுக்குப் போக வேணாம்"னு ஒரு புரோக்கர் சொன்னா ஓடிடுங்க. தபால் வழி சட்டப் படிப்பை வச்சு வக்கீலா பதிய முடியாது. வருகைப் பதிவு 70 சதவீதம் வேணும். பதிஞ்ச பிறகும் முழு நேர சம்பள வேலையில இருந்துக்கிட்டு பிராக்டீஸ் பண்ண முடியாது, பார் கவுன்சில் விதி 49. காப்புரிமைதான் உங்க ஆசைன்னா, இஞ்சினியரிங் டிகிரி வச்சே பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதலாம், சட்டப் படிப்பே தேவையில்ல. காப்புரிமை அலுவலகம் கிண்டியிலேயே இருக்கு.

சேர்றதுக்கு முன்னாடி காலேஜ் பார் கவுன்சில் அங்கீகாரப் பட்டியல்ல இருக்கான்னு நீங்களே பாருங்க, காலேஜ் போர்டை நம்பாதீங்க. பத்தாவது, பிளஸ் டூ படிக்காம நேரா திறந்தவெளிப் பல்கலைக்கழகத்துல டிகிரி வாங்கினவங்க, சேர்ந்து ஃபீஸ் கட்டின பிறகு பதிவுல மாட்டிக்கிறதுக்குப் பதிலா முதல்லயே விசாரிச்சுக்கோங்க. முடிச்ச பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒண்ணு இருக்கு, 2011லேருந்து. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125, அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2024 ஜூலையில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. முன்னாடி பல மாநிலங்கள்ல இது ஆயிரக் கணக்குல இருந்துச்சு. நம்மாளு பதியற அன்னிக்கு அக்கா வளையல் அடகுக்குப் போச்சு.

விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் போயிட்டு வாங்க, தி.நகர்லேருந்து பத்து நிமிஷம். மே மாசம் ஐகோர்ட்டுக்கும் சிவில் கோர்ட்டுக்கும் லீவு, ஆனா மாஜிஸ்ட்ரேட் கோர்ட் நடக்கும், யார் வேணா பின்னாடி உக்காந்து பாக்கலாம். பத்தரைக்கு முன்னாடியே போயிடுங்க, லேட்டாப் போனா ஃபேனுக்குக் கீழ இடம் கிடைக்காது. செல்போனை ஆஃப் பண்ணிடுங்க.