கட்டரைக் கீழே வையுங்கள்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஓடும் பழைய கார் ஒன்றின் டேஷ்போர்டைக் கழற்றினால், கம்பெனி கப்ளர் இருந்த இடத்தில் வெட்டுப்பட்ட வயர்கள் தொங்குவதைப் பார்க்காத ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்க முடியாது. கையால் முறுக்கிய இணைப்பு, அதன்மேல் கறுப்பு டேப். இரண்டு சித்திரை வெயிலைத் தாண்டுவதற்குள் டேப்பின் பசை இளகி, சுற்று நழுவி, செம்பு வெளியே தெரியும். முதல் செட்டை மாட்டியவர் பத்து நிமிடம் மிச்சம் பிடித்தார். அடுத்து அந்த வண்டியைத் தொடும் ஒவ்வொருவரும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மணிக்கணக்கில் வட்டி கட்டுகிறார்கள்.

கம்பெனி செட்டை எடுத்துவிட்டுத் தொடுதிரை செட் மாட்டுவது இன்று அன்றாட வேலை. வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. புளூடூத், ரிவர்ஸ் கேமரா, வழிகாட்டும் வரைபடம் எல்லாம் பழைய வண்டிக்கும் கிடைக்கட்டும். ஆனால் வண்டியோடு வந்த கப்ளரை வெட்டாமல் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதை நம் தொழிலில் பாதிப் பேர் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை.

ஐரோப்பிய வண்டிகளுக்கு ஐஎஸ்ஓ 10487 என்ற பொது கப்ளர் உண்டு. மாருதி, டொயோட்டா, ஹூண்டாய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கப்ளர். எல்லாவற்றுக்கும் எதிர்க் கப்ளர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. புதிய செட்டின் வயர்களை அந்த எதிர்க் கப்ளரில் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால், வண்டிப் பக்கத்தில் ஒரு வயரைக்கூடத் தொட வேண்டியதில்லை. நாளைக்கு வண்டி கைமாறினால் பழைய செட் நேராகப் போய் உட்காரும்.

நிறத்தை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு ஏசிசி, கறுப்பு எர்த், ஆரஞ்சு விளக்கு: இவை கடையில் வாங்கும் செட்டின் நிறங்கள். வண்டிக்குள் ஓடும் வயருக்கு இந்த நிறங்கள் பொருந்தா. அங்கே மல்டிமீட்டர் ஒன்றுதான் சாட்சி. ஃபோக்ஸ்வாகன் போலோ மாதிரியான வண்டிகளில் ஐஎஸ்ஓ கப்ளர் வடிவம் அதேதான். ஆனால் நிரந்தர சப்ளையும் ஏசிசியும் ஊசி மாறி வரும். கவனிக்காமல் செருகினால், சாவியை எடுத்ததும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதே வண்டியில் ஆன்டெனாவின் அடியில் ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் இருக்கும். அதற்கு மின்சாரம் ஆன்டெனா கேபிள் வழியாகவே போக வேண்டும். அதற்கான இடை இணைப்பைப் போடாமல், ‘இந்த செட்டில் ரேடியோ சரியில்லை’ என்று பார்ட்டியிடம் சொல்லி அனுப்புவது நியாயமில்லை.

சாவி எடுத்தாலும் பாட்டு நிற்கக் கூடாது என்று பார்ட்டி கேட்டார் என்பதற்காகச் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கும் வழக்கம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய பெட்ரோல் கார் பேட்டரி 35 ஆம்பியர் மணி. செட் தூங்காமல் அரை ஆம்பியர் இழுத்தால் எழுபது மணி நேரத்தில், அதாவது மூன்றே நாளில், அது காலி. வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது அதற்கும் முன்னால். குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டு ரயிலில் திரும்புகிறவருக்கு நிலையத்து வாசலில் நிற்கும் கார் கைகொடுக்காது.

பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பெரிய ஸ்பீக்கர் விற்பவர்கள் செட்டின் பின்புறம் இருக்கும் ஃப்யூஸையும் பார்க்கலாம். பெரும்பாலும் 10 ஆம்பியர். 14.4 வோல்ட்டில் மொத்தமே 144 வாட். அதில் ஏறக்குறைய பாதி வெப்பமாகப் போகும். மீதி நான்கு சானலுக்கும் பிரிந்தால் ஆளுக்குப் பதினெட்டு வாட் தேறினால் அதிகம். மலிவு செட்டுகள் பலவற்றில் இருக்கும் டிடிஏ7388 என்ற சிப்பின் சொந்த விவரத்தாளே, 10 சதவீதச் சிதைவோடு 26 வாட் என்றுதான் சொல்கிறது. உண்மையாகவே சத்தம் வேண்டும் என்பவருக்குத் தனி ஆம்ப்ளிஃபையரும், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்டு இழுத்த தனி வயரும்தான் வழி.

இன்னொன்று, அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து வண்டிகளைப் புதுப்பிப்பவர்களுக்கு. அவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் பாடியில் எர்த் ஆகியிருக்கலாம். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் சப்ளையில் பாதி வோல்ட் நிற்கும். ஒன்றை எர்த்தில் தொட்டால் சிப்புக்கு ஆபத்து. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரண்டிரண்டு வயர் இழுப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

புது வண்டிகளில் சிக்கல் வேறு. 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம். சில மாடல்களில் ரிவர்ஸ் சென்சாரின் படமோ ஒலியோ கம்பெனி செட் வழியாகத்தான் வருகிறது. செட்டைக் கழற்றினால் அதுவும் போகும். எனவே கழற்றுவதற்கு முன்னால் வண்டியை ரிவர்ஸில் போட்டு, ஒவ்வொரு எச்சரிக்கையும் எங்கிருந்து ஒலிக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் அது ஏர்பேக். அங்கே டெஸ்ட் லாம்ப் வைக்கவே கூடாது. ஓட்டும்போது வீடியோ தெரிய வேண்டும் என்று ஹேண்ட்பிரேக் வயரை நேராக எர்த் செய்து கொடுப்பவர்களும் உண்டு. அந்தக் கூலியை வேண்டாம் என்று சொல்வதே மரியாதை.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பட்டாசு ஏற்றும் வேனில் செட் மாட்டலாமா? வெடிபொருள் கொண்டுசெல்ல உரிமம் பெற்ற வேன், 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் கீழ் வருகிறது. மேற்பார்வை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பினுடையது. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் ஆலைகள் உள்ள ஊரில், முறுக்கி டேப் சுற்றிய ஒரு இணைப்பு அட்டைப்பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பயணம் போகக் கூடாது. டிரைவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், உரிமம் பெற்ற வேனின் வயரிங்கில் கூடுதலாக எதையும் சேர்க்க வேண்டாம் என்பது இந்த இதழின் நிலை. உரிமையாளருக்கு வேண்டுமானால் முதலில் உரிமம் வழங்கியவரிடம் எழுத்தில் கேட்கட்டும். சீசன் நேரத்தில் இரவோடு இரவாக ஓடும் டிரைவருக்குப் பாட்டுத் துணை தேவைதான். அந்தத் துணைக்கு இதைவிடப் பாதுகாப்பான வழிகளை முதலாளிகள் யோசிக்கட்டும்.

ரேடியோவுக்கு வருவோம். தொடுதிரை செட் பற்றிய புகார்களில் சுலபமாகத் தீரக்கூடியது இதுதான், கவனிக்கப்படாததும் இதுதான். கொடைக்கானல் வானொலியின் 100.5 தெளிவாகக் கேட்கிறது, மதுரை ஹலோ எஃப்எம் 106.4 மட்டும் வரவில்லை என்று ஒருவர் வந்து நின்றால், ஆன்டெனாவைக் கழற்றுவதற்கு முன்னால் செட்டிங்கில் ரேடியோ பகுதியைப் பாருங்கள். அமெரிக்கா என்று இருக்கும். அந்த ஊர் வழக்கப்படி எஃப்எம் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் தாவும். புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண் வரும் நிலையங்கள் மட்டுமே கிடைக்கும். 106.3 வரும், 106.5 வரும், நடுவில் இருப்பது வராது. மத்திய அலையிலும் அப்படித்தான். இந்தியாவில் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 10. திருநெல்வேலி வானொலியின் 1197-ஐ அந்த செட் எட்டவே எட்டாது, 1200-இல் போய் நின்று இரையும். பகுதியை மாற்ற அரை நிமிடம் போதும். இது தெரியாமல் நல்ல செட்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் பழைய செட், அதன் ஸ்குரூ, ஃப்ரேம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பார்ட்டி கையில் கொடுங்கள். எந்தக் கப்ளர் போட்டீர்கள், எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ், எர்த் எங்கே எடுத்தீர்கள் என்பதைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை அந்த டேஷ்போர்டைத் திறக்கப்போவது ராஜபாளையத்திலோ அருப்புக்கோட்டையிலோ உள்ள இன்னொரு எலெக்ட்ரீஷியனாக இருக்கலாம். அவருக்கும் அந்தக் குறிப்பு உதவட்டும்.