பெட்ரோல் டர்போ மேல் விழுந்த பழி

பாபநாசம் கடைத்தெருவில் ஆரம்பித்துக் கும்பகோணம் வரை எந்தக் கார் கன்சல்டிங்கில் விசாரித்தாலும் பதில் மாறாது. "பெட்ரோல் டர்போவா? அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க தம்பி. டர்போ போச்சுன்னா வண்டி வெலையில பாதி போயிடும். பேசாம ஒரு ஸ்விஃப்ட் டீசலப் பாருங்க." சொல்கிறவர் காலமெல்லாம் வண்டி வாங்கி விற்றவர். கேட்கிறவர் சிங்கப்பூரில் சம்பாதித்ததையோ சென்னையில் சேர்த்ததையோ கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்திருக்கும் இளைஞர். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

முடிய வேண்டியதில்லை. அந்த அறிவுரையில் கொஞ்சம் நிஜம் உண்டு. மிச்சமெல்லாம் ஏதோ ஒரு வண்டிக்கு வந்த வியாதியை எல்லா வண்டிக்கும் ஒட்டவைத்தது.

எந்த வண்டிகளைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 2013-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ: 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன். 2015 அக்டோபரில் ஃபியட் இறக்கிய அபார்த் புன்டோ: 1.4 லிட்டர், 145 குதிரைத்திறன், ஷோரூம் விலை அன்றைக்குப் பத்து லட்சத்துக்குள். 2017-இல் மாருதி பலேனோ ஆர்எஸ். 2018-இல் டாடா டியாகோ ஜேடிபி. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்து உருவாக்கியது. 2021-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஐ20 என் லைன். சின்ன உடம்பு, பெரிய இழுவை, இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கும் எட்டுகிற விலை. 2016-இல் வந்த போலோ ஜிடிஐ இந்த நாட்டுக்கே 99 வண்டிதான் என்பதால் அதை விட்டுவிடலாம்.

இனி அந்த "டர்போ போச்சுன்னா". இதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் கை காட்டுகிறாரே ஸ்விஃப்ட் டீசல், அதன் 1.3 லிட்டர் இன்ஜினில் இருப்பதும் டர்போதான். 2007-இல் அந்த வண்டி வந்த நாளிலிருந்து காவிரி டெல்டா அதை ஓட்டிக்கொண்டிருக்கிறது. பொலிரோவில் டர்போ, இன்னோவாவில் டர்போ, சம்பா அறுவடைக்கு வயலில் இறங்கும் மெஷின்களிலும் பலவற்றில் டர்போ. டீசலில் இருந்தபோது யார் கண்ணுக்கும் படாத சாமான், பெட்ரோலில் வந்ததும் பூதமாகிவிட்டது.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். பெட்ரோல் இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை டீசல் புகையைவிடச் சூடு. முழுசாக மிதிக்கும்போது 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில், நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுழலும் தண்டு ஒன்று மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்தபடி ஓடுகிறது. அந்த ஆயில் பழசானாலும், அளவு குறைந்தாலும், மலிவுச் சரக்கானாலும் தண்டு தேயும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து வாசலில் நிறுத்திய கையோடு இன்ஜினை அணைத்தால், உள்ளே தங்கிய ஆயில் வெந்து கரியாகி வழியை அடைக்கும். இதற்காகத்தான் இந்தக் காலத்து பெட்ரோல் டர்போக்களின் பேரிங் பகுதியைச் சுற்றித் தண்ணீர் ஓட விட்டிருக்கிறார்கள். டர்போ எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பது, ஆயில் மாற்றிய பில்களைப் பார்த்தால் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஃபோக்ஸ்வாகன் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. நம் வெயிலுக்கும் வைக்கோல் தூசிக்கும் அதில் பாதியிலேயே மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. ஃபுல்லி சிந்தெட்டிக் ஆயில்தான். அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர் இந்த வண்டியை வாங்கவே வேண்டாம்.

பார்த்து வாங்கும் வழியும் பெரிய வித்தையில்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயை மெக்கானிக்கை விட்டுக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே சின்ன விசிறி தெரியும். அதன் நடுவிலுள்ள நட்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் துளி ஆடும். ஆயில் படலத்துக்காக விட்ட இடைவெளி அது, பயப்பட ஒன்றுமில்லை. முன்னும் பின்னுமாக ஆடினாலோ, இறக்கை நுனி சுற்றுச்சுவரில் உரசிய பளபளப்புத் தெரிந்தாலோ டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அப்படி இல்லையென்றால் குழாயை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்து, சில நிமிஷம் சும்மா ஓடவிட்டுச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரைக் கொடுங்கள். பின்னால் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். விற்க வந்தவர் முன்னமே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், "நாளைக்குக் காலையில வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு மறுநாள் போங்கள்.

அடுத்து, "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் படுத்துரும்." இதில் விஷயம் இருக்கிறது. 1.2 லிட்டர் போலோ ஜிடியில் உள்ளது ஏழு கியர் டிஎஸ்ஜி. இரண்டு கிளட்ச்சும் ஆயிலில் நனையாத உலர் வகை. கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் அதன் மெக்கட்ரானிக் யூனிட் உலகம் பூராவும் பேர் கெடுத்தது. 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,181 வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. முகூர்த்த நாளில் மகாமகக் குளத்தைச் சுற்றி ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசல் இருக்கிறதே, அந்தக் கிளட்ச்சுக்கு அதுதான் ஆகாது. ஆனால் 2020-இல் வந்த 1.0 லிட்டர் டர்போ போலோவில் இந்தப் பெட்டியே கிடையாது. அதிலிருப்பது ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர், அல்லது கையால் போடும் ஆறு கியர். அபார்த், பலேனோ ஆர்எஸ், டியாகோ ஜேடிபி மூன்றும் மேனுவலில் மட்டுமே வந்தவை. குறை ஒரு கியர்பாக்ஸுக்கு, தண்டனை ஒரு குலத்துக்கே என்றால் எப்படி?

மைலேஜ் விஷயத்தில் கன்சல்டிங்காரர் சொல்வது சரி. காலை அழுத்தினால் லிட்டருக்கு 12 கிலோமீட்டர்கூடத் தேறாது. தினமும் திருச்சி போய்வருகிற ஆளுக்கு இந்த வண்டி கட்டுப்படியாகாது. வாரத்தில் நாலு தடவை கும்பகோணம், மாதத்தில் ஒரு தடவை சென்னை என்று இருப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

"டீசல் இழுவை பெட்ரோலுக்கு வராது" என்பது டர்போ இல்லாத பெட்ரோல் காரை ஓட்டிய காலத்துப் பேச்சு. ஸ்விஃப்ட் டீசலின் முறுக்கு விசை 190 நியூட்டன் மீட்டர், 2,000 சுற்றில். போலோ ஜிடியில் 175, ஆனால் 1,500 சுற்றிலேயே வந்துவிடும். திறனோ 75-க்கு 105. நெல் மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிரே பஸ் வருவதற்குள் தாண்ட வேண்டிய நேரத்தில் எது கைகொடுக்கும் என்பதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அவர் காட்டுகிற ஸ்விஃப்ட் டீசலுக்கும் வயதாகிவிட்டது.

"இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் டர்போவைக் காலி பண்ணிடும்" என்பது புதுசாகக் கிளம்பிய பேச்சு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறையும். எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கம்மி. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகளின் ரப்பர் குழாய்கள், சீல்கள் அதற்கென்று தயாரானவை அல்ல என்பதால் அவற்றைக் கவனித்து மாற்ற வேண்டியிருக்கும். இந்தக் கவலை சாதா பெட்ரோல் காருக்கும் பைக்குக்கும் சேர்த்துத்தான். டர்போவுக்கென்று பார்த்தால் எத்தனால் ஒருவகையில் நல்லதுகூடச் செய்கிறது. டர்போ இன்ஜினின் பெரிய எதிரி, அழுத்தத்தில் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து வரும் நாக்கிங். நம் பங்க்குகளில் பல காலம் கிடைத்த சாதா பெட்ரோல் 91 ஆக்டேன். எத்தனால் சேரச் சேர ஆக்டேன் ஏறும், நாக்கிங் குறையும்.

ஸ்பேர் கிடைக்காது என்கிற வாதம் அபார்த்துக்கு மட்டும் முழுசாகப் பொருந்தும். ஃபியட் இங்கே கார் விற்பதை விட்டுப் போய்விட்டது. ஒரு பம்பருக்காக வாரக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை வேண்டும். ஓடிய கிலோமீட்டர் குறைவாகவே இருந்தாலும் வயதாகிவிட்டதால் டைமிங் பெல்ட்டை வாங்கியதும் மாற்றிவிட வேண்டும். ஆசை இருப்பவர் வாங்கட்டும். வீட்டில் இருக்கிற ஒரே வண்டியாக வேண்டாம்.

பயப்பட வேண்டியவற்றைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று பார்த்தோம். அங்கே விலைபோகாத வண்டி, பாலிஷ் போட்டுக்கொண்டு வெளி மாவட்டத்துக்குத்தான் வரும். சீட் பெல்ட்டை அது வரும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் இரண்டடியைக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பாகத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். டர்போ பெட்ரோலில் சென்சார்களும் கனெக்டர்களும் அதிகம் என்பதால், தண்ணீர் புகுந்த வண்டி மாதம் ஒரு புதுக் கோளாறு சொல்லும்.

உள்ளூர் வண்டியென்றால் எலி. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்ற கார் எதுவானாலும் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து ஒயரிங்கைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. அறுவடைக் காலத்து உமித் தூசியில் ஏர் ஃபில்டர் எத்தனை சீக்கிரம் அடைபடும் என்பது டிராக்டர் வைத்திருக்கிறவருக்குத் தெரியும். கார்க்காரர்கள் அதை சர்வீஸுக்குச் சர்வீஸ்தான் நினைக்கிறார்கள்.

இதுவரை பெரியவர்களோடு வழக்கு. இளவட்டத்தின் கட்சி நேர் எதிர்: "ரீமேப் போட்டா ராக்கெட் மாப்ள. லேப்டாப்ப மாட்டி அரை மணி நேரம், வேலை முடிஞ்சுது." இதுவும் பாதிக் கதை. டர்போ இன்ஜினில் சாஃப்ட்வேரை மாற்றிக் காற்றழுத்தத்தைக் கூட்டினால் திறன் நிஜமாகவே ஏறும். டர்போ இல்லாத இன்ஜினில் இந்த லாபம் கிடைக்காது. பலேனோ ஆர்எஸ் இன்ஜினே ஐரோப்பாவில் 111 குதிரைத்திறன், இங்கே 102-ஆகக் குறைத்து விற்றார்கள். ஆகவே இடம் இருக்கிறது. அந்த இடத்தை எதற்காக விட்டுவைத்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். ஏப்ரல் வெயில், கண்ட பங்க்கில் போட்ட பெட்ரோல், அழுக்கான ஏர் ஃபில்டர், நாலு ஆள் பாரம் எல்லாம் ஒரே நாளில் கூடினாலும் இன்ஜின் தாங்குவதற்கான இடம் அது. போலோவின் உலர் டிஎஸ்ஜி தாங்கும் எல்லை 250 நியூட்டன் மீட்டர். 175-இல் ஓடிய பெட்டியை அந்த எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸ் படுத்துவிட்டது என்று கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

ரீமேப் போட்டே தீர வேண்டுமென்றால் வரிசை முக்கியம். முதலில் ஆயில், கூலன்ட், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் போலோ, பலேனோ ஆர்எஸ், ஐ20 இன்ஜின்களில் வால்வின் முதுகை பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே கரி படியும், அதைச் சுத்தம் செய்ய வேண்டும். அபார்த்திலும் ஜேடிபியிலும் இந்தத் தொல்லை இல்லை. அடுத்து டயர், பிரேக். சாஃப்ட்வேர் கடைசி. நம்மூரில் நடப்பது தலைகீழ்: பழைய பிளக், தேய்ந்த டயர், அதன்மேல் ஸ்டேஜ் 2 ரீமேப்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருஷத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு டப் டப்பென்று வெடிக்கவிடும் வண்டிகள் எஸ்.ஐ. கையில் தாமாகவே போய் மாட்டுகின்றன. சத்தமில்லாத ரீமேப் மாட்டாது என்று நினைத்தால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கேள்வி கேட்கும் நாள் ஒன்று வரலாம். வேகம்தான் வேண்டுமென்றால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி டிராக் இருக்கிறது. ஆற்றங்கரை ரோட்டில் நெல் காய்கிறது, அதைத் துழாவிவிடப் பெண்கள் நிற்கிறார்கள்.

கடைசி வாதம், "திருப்பி விக்க முடியாது." 2022-இல் நிறுத்திய போலோவைத் தேடி இன்றும் ஆள் வருகிறார்கள். விற்காமல் நிற்பவை பெரும்பாலும் யார் கைவைத்தார்கள், எத்தனை தடவை மேப் மாற்றினார்கள் என்று தெரியாத வண்டிகள்தான். எனவே வாங்கும்போது கழற்றிய பாகங்கள் எங்கே என்று கேளுங்கள், ஸ்கேனர் மாட்டிப் பாருங்கள், சர்வீஸ் பில்லில் உள்ள கிலோமீட்டரும் மீட்டரும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள். நீங்களே ரீமேப் போட்டால், பழைய ஃபைலை டியூனரிடம் கேட்டு வாங்கி ஆர்.சி. புக்கோடு பத்திரப்படுத்துங்கள், ஃபைல் தர மாட்டேன் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.